உறங்கிய நேரம்: ஏழு

அந்தத் தொழிற்சாலையில் மெத்தையும் தலையணையும் செய்தார்கள். லாரி நுழையும் வளைவின் மேல், "நீங்கள் உறங்குங்கள், நாங்கள் விழித்திருக்கிறோம்" என்று ஆளுயர எழுத்தில் போட்டிருந்தது. எழுதிக் கொடுத்த விளம்பரக்காரருக்கு அது கவிதை. உள்ளே வேலை பார்த்த முந்நூற்று நாற்பது பேருக்கு அது வேலை நிபந்தனை.

முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு முறைதான் ஷிப்டு மாறும். ஒரு வாரம் காலை, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. சொர்க்கம் இல்லைதான். உடம்பு முனகி முனகி இரவுக்குப் பழகும். பழகிய மறுநாள் வாரம் முடிந்துவிடும். ஆனாலும் இன்ன கிழமை இன்ன நேரம் வீட்டில் இருப்போம் என்பது தெரியும். பல்வலி வந்தவன் மருத்துவரிடம் நேரம் குறிக்க முடிந்தது.

அந்த நிலையில் புது மேலாளர் வந்தார். வந்த முதல் வாரமே சீர்திருத்தத்தைத் தொடங்கினார். பாய்லர் அறைச் சுவரில் இருந்த பழைய தகரப் பலகையைக் கழற்றி எறிந்தார். 'பொறுப்பு அதிகாரி' என்ற சொல்லுக்குக் கீழே தன் பெயரைப் பித்தளையில் பொறித்து மாட்டினார். பொறுப்பு என்றால் என்ன என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. பித்தளை கறுக்குமா என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது வாரம் ஒரு நிபுணரைக் கூட்டி வந்தார். நிபுணர் மடிக்கணினியைத் திறந்து வண்ணக் கட்டங்களைச் சுவரில் காட்டினார். இனி இரண்டு நாள் இரவு, இரண்டு நாள் மதியம், இரண்டு நாள் காலை, பிறகு ஒரு நாள் விடுப்பு. அதாவது ஷிப்டு பின்னோக்கிச் சுழலும். காலை ஆறு மணிக்கு இரவு வேலை முடித்துப் போகிறவர் அன்று மதியம் இரண்டு மணிக்கே திரும்ப வந்து நிற்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மதிய ஷிப்டு முடிப்பவருக்குக் காலை ஆறு மணிக்கு அடுத்தது.

"நடுவுல எட்டு மணி நேரம் இருக்கு. மனுஷனுக்குத் தேவை எட்டு மணி நேரத் தூக்கம். கணக்கு கச்சிதமாப் பொருந்துது" என்றார் நிபுணர்.

அந்த எட்டு மணி நேரத்துக்குள் பேருந்தும், குளியலும், சமையலும், பிள்ளையின் வீட்டுப்பாடமும் அடக்கம் என்பது கட்டத்தில் தெரியவில்லை. அவர் ஒன்பதரைக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவர்.

நாலு மாதம் ஓடியது. உற்பத்தி பன்னிரண்டு சதவீதம் ஏறிவிட்டது என்று மேலாளர் வரைபடம் மாட்டினார். திரும்பி வந்த சரக்கு எவ்வளவு ஏறியது என்று காட்ட அவருக்குச் சுவரில் இடம் இல்லாமல் போயிற்று. கோணலாக அறுத்த மெத்தைகள் வந்தன. அளவு நாடாவை உள்ளே வைத்துத் தைத்த தலையணை ஒன்று வந்தது. ஒரு ஹோட்டல் திருப்பி அனுப்பிய தலையணையில் தையல்காரப் பெண் ஒருத்தியின் மூக்குக் கண்ணாடி பத்திரமாக உள்ளே இருந்தது. அவள் மூன்று வாரமாக அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பாய்லர் ஓட்டியவர்கள் நாலு பேர். அதில் ஒருத்தியைத் தொழிற்சாலை முழுக்க 'நெருப்பக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளை பாய்லர் ஓட்டுவாளா என்று கேட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அவள் பதினெட்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். ரப்பர் நுரையை வேகவைத்து மெத்தையாக்குவது நீராவி. நீராவி இல்லையென்றால் மெத்தை இல்லை. அச்சு நிறையப் பசைதான் இருக்கும்.

பாய்லர் அறையில் ஒரு பதிவேடு உண்டு. பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்ட தடித்த புத்தகம். முதல் கட்டம்: 'பணிக்கு முன் உறங்கிய நேரம்.' அதற்குப் பிறகுதான் அழுத்தம், நீர்மட்டம் எல்லாம். பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியவர் கொதிகலனைத் தனியே இயக்கக் கூடாது. பொறுப்பு அதிகாரி உடனிருந்து மணிக்கொரு முறை கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டு வரியை அச்சுக் கோத்தவர் படித்திருப்பார். வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

ஏனென்றால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாதம் பிறந்ததும் நாலு பேரும் ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்து, முப்பது நாளுக்கும் சேர்த்து 'ஏழு' என்று போட்டுவிடுவார்கள். இன்னும் உறங்காத உறக்கத்துக்கு முன்கூட்டியே வரவு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆபரேட்டர் மாரடைப்பில் போனார். போனது எட்டாம் தேதி. பதிவேட்டின்படி மாதக் கடைசி வரைக்கும் அவர் நாளுக்கு ஏழு மணி நேரம் உறங்கினார். "அந்தப் புத்தகத்துலயே நம்பிக்கையான பதிவு அது ஒண்ணுதான்" என்பான் மீசை. நாலு பேரில் அவன் இளையவன்.

அன்று நெருப்பக்கா காலை ஆறு மணிக்கு இரவு ஷிப்டு முடித்து, வீட்டில் இரண்டே கால் மணி நேரம் கண்ணயர்ந்து, இரண்டு மணிக்குத் திரும்ப வந்திருந்தாள். நாலு மணி சுமாருக்கு அழுத்தமானியின் முன்னால் நின்றபடியே உறங்கிப்போனாள். கண் திறந்துதான் இருந்தது. உள்ளே ஆள் இல்லை.

எச்சரிக்கை ஊதல் அலறியது. விழித்தபோது நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை. அந்த நிலையில் தீயை அணைக்க வேண்டும். பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால், காய்ந்து பழுத்த இரும்பில் பட்டு, பாய்லர் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. அவள் கை நேராகத் தண்ணீர் வால்வுக்குத்தான் போனது. சக்கரத்தைப் பிடித்தும்விட்டது. பிடித்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

தீயை அணைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் மெத்தை அறுக்கும் பிரிவு. ஷிப்டுக்கு நாற்பது பேர். அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை.

அன்று ராத்திரி அவள் வீடு போனபோது புருஷன் உறங்கிக்கொண்டிருந்தான். அவன் காலை ஷிப்டுக்குக் கிளம்பியபோது அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். பத்து வயது மகள் ஒரு முறை சொன்னாள்: "நம்ம வீட்ல எப்பவும் யாராவது தூங்கிட்டேதான் இருக்கீங்க. ஆனா ஒருத்தரும் தூங்கின மாதிரியே தெரியல." ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் சந்தித்தது மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, தொழிற்சாலை வாசலில். அவன் வெளியே வந்தான், அவள் உள்ளே போனாள்.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமா? பஸ் நிக்குதும்மா. என்ன, முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"நேத்து நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்."

"யாருதான் தூங்கல. முந்தாநாள் அறுக்கிற மெஷினு முன்னாடி நான் ஒரு முழுக் கனவு கண்டு முடிச்சேன். நல்ல கனவு வேற."

"தண்ணி கண்ணாடிக்குக் கீழ போயிருச்சுங்க. என் கை தண்ணி வால்வப் பிடிச்சிருச்சு."

அவன் பேருந்தைப் பார்ப்பதை நிறுத்தினான். பாய்லர்காரியோடு பதினாறு வருஷம் குடித்தனம் செய்தவன்; அந்த வாக்கியத்தின் எடை தெரியும்.

"திறந்துட்டியா?"

"திறந்திருந்தா இங்க நின்னு பேசிட்டிருப்பேனா? சுவத்துக்கு அந்தப் பக்கம் நாப்பது பேரு. நேத்து நீங்க இல்ல. அடுத்த தடவ நீங்க இருப்பீங்க."

"இப்ப என்ன பண்ணலாங்கிற?"

"அந்தப் புத்தகத்துல இனிமே உள்ளத உள்ளபடி எழுதப் போறேன்."

"தகுதி இல்லாத ஆளுன்னு சொல்லி உன் சான்றிதழையே பிடுங்கிருவாங்க."

"பிடுங்கட்டும். ஏழுன்னு எழுதி எழுதித்தான் இந்த ஷிப்ட நாமளே தாங்கிப் பிடிச்சிருக்கோம். புத்தகத்தப் பாத்தா எல்லாரும் மகராசனாத் தூங்குறோம். அப்புறம் எவன் மாத்துவான்?"

பேருந்து போய்விட்டது.

"ஊர்ல பொண்டாட்டிங்க தலையணை மந்திரம் போட்டுப் புருஷன வழிக்குக் கொண்டு வருவாங்க. நீ என்னடான்னா கேட்டுல நிக்க வெச்சுப் போடுற."

"ஒரே தலையணையில ரெண்டு பேரும் சேந்து தலை வெச்சு நாலு மாசமாச்சு. வேற எங்கதான் போடுறது?"

"சரி, எழுது" என்றான். "எழுதுறத நல்லாப் பெருசா எழுது. அந்த மேலாளருக்கு நம்மளோடது எதுவுமே கண்ணுக்குத் தெரியாது."

அன்று இரவு பத்துக்கு ஷிப்டு முடிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் மறுபடி பாய்லர் அறையில் இருந்தாள். முன்பே எழுதியிருந்த 'ஏழு' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் பெரிதாக 'மூன்றரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு காவலாளியைக் கூப்பிட்டு, மேலாளர் வீட்டுக்குப் போன் போடச் சொன்னாள்.

"என்னன்னு சொல்லட்டும்க்கா?"

"பொறுப்பு வந்திருக்கு, எடுத்துக்கச் சொல்லு."

இரவு ஷிப்டு ஆபரேட்டர் கிளம்ப முடியாமல், தீயை அடக்கி வைத்துக்கொண்டு, சிரிப்பையும் அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழேகாலுக்கு மேலாளர் வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று ஏறியிருந்தது.

"என்னம்மா விளையாட்டு இது? நான் இன்னும் பல்லுகூட விளக்கல."

"விளக்கிட்டே வந்திருக்கலாம் சார். நாங்க காத்திருந்திருப்போம்."

"மூன்றரைன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"பத்துக்கு விட்டீங்க. வீடு போய்ச் சேரப் பதினொண்ணேகால். குளிச்சு, சாப்பிட்டு, படுக்க பன்னண்டே முக்கால். நாலேகாலுக்கு எழுந்தாத்தான் முதல் பஸ்ஸு. கழிச்சுப் பாருங்க சார், நீங்க படிச்சவர்."

"இதுவரைக்கும் ஏழுன்னுதானே எழுதினீங்க?"

"பொய் சார் அது. நாலு பேரும் சேந்து எழுதின பொய். நீங்க மாசாமாசம் கீழ கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

மேலாளர் அந்த எறும்பு வரிகளை வாழ்க்கையில் முதல் முறையாகப் படித்தார். படித்துவிட்டுச் சுவரில் மின்னிய பித்தளையைப் பார்த்தார். சனிக்கிழமைக்குள் ஒரு ஹோட்டலுக்கு இரண்டாயிரம் தலையணை போக வேண்டும். பாய்லர் சான்றிதழ் உள்ள வேறு ஆளை உடனே பிடித்து வரவும் முடியாது.

"உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு எழுதி அனுப்பினா, பதினெட்டு வருஷச் சான்றிதழ் போயிரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அனுப்புங்க. கூடவே இந்தப் புத்தகத்தையும் அனுப்பணும். உடம்பு எப்படிக் கெட்டதுன்னு கேப்பாங்கல்ல."

மேலாளருக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் அவருக்குப் பிரசங்கமும் கூடவே வரும். "இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டதும்மா. உடம்பு ஒரு மெஷினு, நாம சொன்னாக் கேக்கும். நானே உக்காந்து காட்டுறேன். உங்க ஷிப்டு அத்தனைக்கும் வரேன். நான் ஒருநாள் கண்ண மூடிட்டேன்னா அப்ப பேசுங்க."

"சரிங்க சார். ஸ்டூல் அங்க இருக்கு."

அன்று இரண்டு மணி வரை உட்கார்ந்தார். மணிக்கொரு கையெழுத்து, ஒவ்வொன்றும் கொடி பறக்கிற மாதிரி. மறுநாள் நெருப்பக்கா 'எட்டு' என்று எழுதினாள். அன்று நிஜமாகவே எட்டு உறங்கியிருந்தாள். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, ஆட்கள் வழிக்கு வந்துவிட்டார்கள் என்று நிபுணருக்குச் செய்தி அனுப்பினார். விடுப்பு நாள் கழிந்து அவளுக்கு இரண்டு இரவுகள். பகலில் வெயிலோடும் காய்கறி வண்டிக்காரன் குரலோடும் சேர்ந்து அவள் உறங்கியது, முதல் நாள் மூன்று, இரண்டாம் நாள் நாலரை. அப்படியே எழுதினாள். மேலாளர் இரண்டு இரவும் உட்கார்ந்தார். பகலில் அவருக்குக் கூட்டங்கள். கையெழுத்தில் கொடி இறங்கிக்கொண்டே வந்தது.

இரண்டாம் இரவு முடிந்து, காலை ஆறு மணிக்கு மீசை பொறுப்பேற்க வந்தான். மேலாளர் எழுந்து கோட்டைத் தோளில் போட்டார்.

"சார், எங்க போறீங்க?" என்றான் மீசை.

"வீட்டுக்குப்பா."

"நான் இன்னும் எழுதவே இல்லையே." பேனாவைத் திறந்து, 'ஏழு' என்பதை அடித்து, 'இரண்டே முக்கால்' என்று எழுதினான். காரணம் எழுதக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினான்: 'கைக்குழந்தை அழுதது. பக்கத்து வீட்டில் சுவர் இடித்தார்கள்.'

"நேத்து வரைக்கும் ஏன்க்கா வம்புன்னு சொன்ன ஆளு நீ" என்றாள் நெருப்பக்கா.

"நேத்து வரைக்கும் சார் எங்கூட உக்கார மாட்டார்னு நெனச்சேன்க்கா. எனக்கும் ஆசை இருக்காதா?"

மேலாளர் கோட்டைக் கழற்றினார்.

மதியம் இரண்டு மணிக்கு நெருப்பக்கா திரும்ப வந்து 'இரண்டரை' என்று எழுதியபோது, அவர் அதே ஸ்டூலில் இருந்தார். நடுவில் ஒரு முறை அலுவலகத்துக்கு ஓடினார். ஏன் போனோம் என்பது பாதி வழியில் மறந்து திரும்பிவிட்டார். மூன்று மணிக் கையெழுத்து அவர் பெயரில் தொடங்கி வேறு யாரோ ஒருவர் பெயரில் முடிந்தது. மூன்று நாற்பதுக்கு, மேசையில் விரிந்திருந்த பதிவேட்டின் மேல் கன்னத்தை வைத்தார். உடம்பு ஒரு மெஷின்தான், அணைந்துவிட்டது.

நெருப்பக்கா நீர்மட்டம் பார்த்தாள். சரியாக இருந்தது. அவளுக்கும் கண் எரிந்தது. குழாயில் முகம் கழுவிக்கொண்டு, உட்காராமல் நின்றாள்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. நிபுணர் முன்னால் நடக்க, பின்னால் முதலாளி, அவருக்குப் பின்னால் ஹோட்டலில் இருந்து வந்த கொள்முதல் அதிகாரி, ஒரு அம்மாள். இந்தச் சுற்றுப் பார்வையை ஏற்பாடு செய்தவரே மேலாளர்தான். ஏற்பாடு செய்ததும் மறந்த கணக்கில் போய்விட்டது.

"இதுதான் நம்ம தொழிற்சாலையோட இதயம். இங்க விழிப்புங்கிறது..." என்று தொடங்கிய நிபுணர் மேசையைப் பார்த்தார். மேலாளர் வாயிலிருந்து ஒரு கோடு எச்சில், பித்தளைப் பலகைக்கு நேர் கீழே, 'உறங்கிய நேரம்' என்ற கட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இவர் என்னம்மா இங்க தூங்கிட்டிருக்கார்?" என்றார் முதலாளி.

"தூங்கலீங்கய்யா. எட்டு மணி நேர இடைவெளி விட்டா ஆள் தூங்கியாச்சுன்னுதான் நிபுணர் சாரோட கட்டம் சொல்லுது. அந்தக் கணக்குப்படி இவர் இப்ப முழிச்சுட்டிருக்கார்."

நிபுணர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எழுப்புங்க அவர."

"எழுப்பத்தான் வேணும்ங்கய்யா. நாலு மணிப் பதிவு எழுதணும், புத்தகம் அவர் கன்னத்துக்குக் கீழ இருக்கு." அவள் ஒரு கையால் அவர் தலையைத் தூக்கி, மறுகையால் பதிவேட்டை உருவினாள். தலையை மெதுவாக மேசையில் வைத்தாள். அவர் அப்போதும் விழிக்கவில்லை. நீர்மட்டம், அழுத்தம் எழுதினாள். ஓரத்தில், 'பொறுப்பு அதிகாரி மூன்று நாற்பது முதல் உறங்குகிறார்' என்று எழுதி, பக்கத்தை முதலாளி பக்கம் திருப்பினாள்.

முதலாளி அந்தப் பக்கத்தைப் படித்தார். முந்தைய பக்கங்களைப் படித்தார். மூன்றரை, எட்டு, மூன்று, நாலரை, இரண்டே முக்கால், இரண்டரை. அதற்கு முன்னால் நாலு மாதம் ஏழு, ஏழு, ஏழு.

"போன வாரம் என்ன நடந்துச்சுன்னும் கேட்டுக்கங்க ஐயா" என்று, கை வால்வைப் பிடித்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கொள்முதல் அம்மாள் முதல் முறையாக வாய் திறந்தாள். "எங்களுக்கு வந்த தலையணைக்குள்ள மூக்குக் கண்ணாடி எப்படிப் போச்சுன்னு ஆறு வாரமா யோசிச்சேன். இப்ப புரியுது."

முதலாளி வியாபாரி. நட்டம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பது அவருக்குச் சட்டென்று தெரியும். நெருப்பக்காவை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பழைய மாதிரியே வார ஷிப்டுக்குப் போயிரலாம்மா. இந்தப் பக்கங்கள மட்டும் எடுத்துட்டு, நீங்களும் பழையபடி ஏழுன்னே எழுதிடுங்க. உங்க சான்றிதழுக்கு நான் பொறுப்பு."

"பக்க எண் அச்சடிச்சிருக்குங்கய்யா, கிழிச்சா தெரிஞ்சிரும். ஷிப்ட மாத்துங்க. ஏழு தூங்கினா ஏழு எழுதுறேன், ஆறு தூங்கினா ஆறு. என் சான்றிதழுக்கு இவ்வளவு நாளும் நான்தான் பொறுப்பு; இனிமேலும் நானே பாத்துக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து மேலாளர் விழித்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று யோசித்து, பேனாவைத் தேடி எடுத்து, "மணி என்ன? கையெழுத்து எங்க போடணும்?" என்றார்.

"இங்க சார்" என்று நெருப்பக்கா காட்டினாள். 'உறங்குகிறார்' என்ற வரிக்குக் கீழே அவர் சுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கள்கிழமை வார ஷிப்டு திரும்ப வந்தது. நிபுணர் அதற்கு 'முன்சுழல் மனிதநேயத் திட்டம்' என்று பெயர் வைத்து, புது வண்ணங்களில் கட்டம் போட்டு, தானே கண்டுபிடித்ததாக அடுத்த தொழிற்சாலைக்குக் கொண்டு போனார். பித்தளைப் பலகையைக் கழற்றிவிடச் சொல்லி மேலாளர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். ஸ்க்ரூ துருப்பிடித்துவிட்டது என்று பராமரிப்புக்காரர் பதில் சொல்லிவிட்டார். மாட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

நெருப்பக்காவுக்கு ஒரு விளக்கக் கடிதம் வந்தது. 'பதிவேட்டை வழக்கத்துக்கு மாறான முறையில் நிரப்பியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' அவள் பதில் எழுதினாள்: 'எடுக்கலாம். வழக்கம் என்ன என்பதை எழுத்தில் தரவும்.' அடியில் மீசையும் மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கத்தை எழுத்தில் தர யாரும் முன்வரவில்லை.

மாதம் பிறந்தது. காலை ஷிப்டில் மீசை பழக்க தோஷத்தில் பேனாவைத் திறந்துகொண்டு பதிவேட்டின் முன் உட்கார்ந்தான். முதல் தேதிக்கு 'ஆறே முக்கால்' என்று எழுதினான். கை இரண்டாம் தேதிக்கு இறங்கியது.

"டேய்" என்றாள் நெருப்பக்கா, இரவு ஷிப்டு முடித்துக் கிளம்பியவள், வாசலில் இருந்தே.

"தெரியும்க்கா, தெரியும்" என்று அவன் பேனாவை மூடினான். "நாளைக்கு எவ்வளவு தூங்குவேன்னு எனக்கென்ன தெரியும். குழந்தையக் கேட்டுத்தான் எழுதணும்."